வரிசையில் நின்ற குழவிக்கல்

போன மாதம் நவி மும்பை வாஷியில் எங்கள் குடியிருப்பின் தமிழ் வட்டத்தில் ஒரு பேராசிரியர் வந்து பேசினார். தலைப்பு, எது தேவதைக் கதை. ஒன்றரை மணி நேரம். பெயரில்லாத ஊர், பெயரில்லாத ராஜா, மூன்று சோதனை, ஒரு மந்திரப் பொருள், ஒரு கொடியவள், கடைசியில் கல்யாணம். இந்த ஆறும் இருந்தால் தேவதைக் கதை, ஒன்று குறைந்தாலும் இல்லை என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். எனக்கு முட்டி வலி, பிளாஸ்டிக் நாற்காலி, காபி வேறு ஆறிப்போயிருந்தது. கேள்வி நேரத்தில் எழுந்து, "கல்யாணத்துல ஆரம்பிச்சா அது என்ன கதை சார்?" என்று கேட்டேன். "நல்ல கேள்வி" என்று சிரித்தார். நல்ல கேள்வி என்று சொல்கிறவர்களிடம் பதில் இருந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அறுபதுகளில், தாராவியில், பதின்மூன்று வயதில் நான் கதை சொல்லிப் பிழைத்தவள். காசுக்காக இல்லை, தண்ணீருக்காக.

எங்கள் சந்தில் நாற்பது கோலிக்கு ஒரே குழாய். கோலி என்றால் பத்துக்குப் பத்து அறை. சமையல், படுக்கை, சண்டை எல்லாம் அதற்குள்ளேயே. முனிசிபாலிட்டித் தண்ணீர் காலை ஐந்துக்கு வரும், எட்டுக்கு நின்றுவிடும். அத்தனை நேரம் யாரால் குழாயடியில் நிற்க முடியும்? அடுப்பில் உலை கொதிக்கும், தோல் கிடங்குக்குப் போகிற புருஷனுக்குச் சோறு கட்ட வேண்டும். அதனால் வரிசையில் மனுஷிகளுக்குப் பதில் கற்கள் நிற்கும். வீட்டுக்கு ஒன்று. எங்கள் வீட்டுக் கல் கல்லே இல்லை, சிமெண்ட் இறுகிப்போன ஒரு பெயிண்ட் டப்பா. எது யாருடையது என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும்.

வரிசை நகர்ந்தால், பின்னால் நிற்கிறவள் தனக்கு முன்னால் கிடக்கும் கல்லைக் காலால் தள்ளிவிட வேண்டும். அது சட்டம். நேற்றுக் குடுமிப்பிடிச் சண்டை போட்டவளின் கல்லாக இருந்தாலும் தள்ளத்தான் வேண்டும். கல் குழாயடிக்கு வந்தும் ஆள் வரவில்லை என்றால் அது வரிசையின் வாலுக்குப் போகும். பெண்டாட்டியை நம்பாத புருஷன்மார் எங்கள் சந்தில் நிறைய இருந்தார்கள். கல்லை நம்பாதவர் ஒருவரும் இல்லை.

எங்கள் வீட்டில் தண்ணீர் பிடிப்பது என் வேலை, ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம். ஏழு அடித்தால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். மாதத்தில் பத்து நாள் சாத்திய கேட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். "போவாத பள்ளிக்கூடத்துக்கு எதுக்குட்டி பாவாடை தச்சுக் குடுக்கணும், நின்னுக்கோ" என்று அப்பா சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. ஒருநாள் வரிசையில் நின்றபடி ஒரு கதையை ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "நேரமாச்சு, தண்ணி புடிக்கணும், மீதி நாளைக்கு" என்றேன். எனக்கு முன்னால் இருந்த ஆறு பெண்களும், "முதல்ல நீ புடி, புடிச்சிட்டுச் சொல்லு" என்று வழிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் தண்ணீருக்காக வரிசையில் காத்து நின்றதாக நினைவில்லை, கதை சொல்லத்தான் நின்றேன்.

கதைக்கு எங்கே போனேன் என்றால், பக்கத்து மாதுங்காவுக்கு. அம்மா அங்கே ஒரு பாலக்காட்டு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அந்த வீட்டு மாமி தன் பிள்ளைகள் கிழித்துப் போட்ட சிறுவர் பத்திரிகைகளை எனக்குக் கொடுப்பாள். அதில் தேவதைகளுக்கு முதுகில் இறக்கை போட்டிருந்தார்கள். மழைக்காலத்து ஈசல் மாதிரி இருந்தார்கள். "இறக்கை இருக்கறவ எதுக்கு மாமி ராஜகுமாரன் வரட்டும்னு உக்காந்திருக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "இது தேவதைக் கதைடீ. இதுல நியாயமெல்லாம் கேக்கப்படாது" என்றாள் மாமி. பேராசிரியரின் ஒன்றரை மணி நேரத்தைவிட அது எவ்வளவோ மேல்.

ஆனால் குழாயடியில் மாமியின் சட்டம் செல்லுபடியாகவில்லை. அங்கே எல்லோரும் நியாயம் கேட்டார்கள். ராஜா வேட்டைக்குப் போனால், "வீட்டுல அரிசி இருக்கா, பாத்துட்டுப் போனானா?" என்பார்கள். ராணிக்கு ஏழு பிள்ளை என்றால், "எந்த ஆஸ்பத்திரி?" என்பார்கள். இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஒன்றுதான்.

"ஏட்டி, ராசா மவன் வாரது இருக்கட்டும். மாமியாக்காரி செத்தாளா இல்லியா?"

"இல்ல அத்தை, அவ திருந்திட்டா."

"திருந்துனாளா! போட்டி அங்கிட்டு. யாருக்கு காது குத்துத? எந்த ஊர்ல மாமியா திருந்துனா?"

இதைக் கேட்ட அத்தைக்கே வீட்டில் இரண்டு மருமகள்கள். அவர்களும் வரிசையில்தான் நின்றார்கள், வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு. நான் அடுத்த நாளே மாமியாரைக் கிணற்றில் தள்ளினேன். அதற்கடுத்த கதையில் பாம்பு, அதற்கடுத்ததில் புலி. அந்த ஒரு வருஷத்தில் நான் கொன்ற மாமியார்களை வைத்து ஒரு தனிக் கிராமமே அமைத்திருக்கலாம். எங்கள் குழாயடி இலக்கணப்படி மாமியார் செத்தால் தேவதைக் கதை. சாகாவிட்டால் அது வீட்டுக் கதை, அதைக் கேட்க யாரும் வரிசையில் இடம் தரமாட்டார்கள்.

எங்களுக்கு மூன்றாவது கோலியில் ஒரு மதினி இருந்தாள். ரத்தச் சொந்தம் இல்லை. அந்த வீட்டு மகனை நான் அண்ணன் என்பேன், அதனால் அவன் பெண்டாட்டி மதினி, அவன் அம்மா பெரியம்மை. மதினிக்கு அப்போது இருபது இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம். அண்ணன் குடிப்பான், குடித்தால் அடிப்பான், குடிக்காத அன்று குடிக்க முடியாத எரிச்சலில் அடிப்பான். பெரியம்மை அரிசிப் பானையைப் பூட்டிய டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். சாவி அவள் இடுப்பில். அளந்து கொடுப்பதுதான் மதினிக்குச் சோறு.

பெரியம்மை என் கதைகளில் வருகிற மாமியார் மாதிரி இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோரைப்பல் இல்லை, சடை இல்லை. ஒல்லியான, மூட்டு வீங்கிய மனுஷி. எனக்கு மட்டும் முறுக்கு கொடுப்பாள். சும்மா இல்லை, கடிதம் எழுதுவதற்கு.

அந்த வீட்டில் யாருக்கும் எழுதத் தெரியாது. மாதம் ஒருமுறை பெரியம்மை இன்லண்ட் லெட்டர் வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள். அவள் சொல்லச் சொல்ல, மதினி எழுதுவதுபோல, மதினியின் அப்பாவுக்கு நான் எழுத வேண்டும். மதினி சுவரோரம் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். "நான் இங்க சொகமா இருக்கேன்னு எழுது" என்பாள் பெரியம்மை. அவ்வளவுதான் சொல்வாள். அவளுக்குக் கற்பனை கிடையாது. எனக்கு இருந்தது. வெறும் சுகம் என்று எழுத எனக்குக் கை வராது. "அத்தை என்னைப் பெற்ற மகள்போல் பார்க்கிறார்கள். தரையில் கால் பட விடுவதில்லை. தினமும் தலைவாரிப் பூ வைத்துவிடுகிறார்கள்" என்று நீட்டுவேன். திரும்ப வாசித்துக் காட்டினால் பெரியம்மையே வாயைப் பிளந்து கேட்பாள். இன்னொரு முறுக்கு வரும். மதினி பருப்பிலிருந்து தலையைத் தூக்கமாட்டாள். ஒருநாள் மட்டும் என்னைப் பார்த்து, "பூ என்ன பூவுன்னு எழுதலியே" என்றாள். கிண்டல் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிச்சிப்பூ என்று சேர்த்தேன்.

மதினி வீட்டின் வரிசைக் கல், பாதி உடைந்த ஒரு அம்மிக்குழவி. பெரியம்மையின் வாசலில் இருந்து பார்த்தால் குழாயடி தெரியும், ஆனால் முழுசாகத் தெரியாது. நடுவில் தோல் காயப்போடுகிற கொடி. தொங்குகிற தோல் மறைத்ததுபோக அடியில் பெண்களின் கால்களும் கற்களும் மட்டும் கண்ணில் படும். மூட்டு வலியால் பெரியம்மை நடக்கமாட்டாள். வாசல் பலகையில் உட்கார்ந்து அந்தக் குழவிக்கல்லையே பார்த்துக்கொண்டிருப்பாள். கல் வரிசையில் இருந்தால் மருமகள் வரிசையில் இருக்கிறாள். எப்போதாவது, "ஏட்டி, நிக்கியா?" என்று ஒரு சத்தம் கொடுப்பாள்.

நான் கதை சொல்லும்போது மதினி எனக்குப் பக்கத்தில்தான் நிற்பாள். மற்றவர்கள் மாமியாரின் சாவுக்குக் காத்திருந்தால், இவள் கேட்பது வேறாக இருந்தது. அந்த மாதம் ஒரு இளவரசியை அரக்கன் குகையில் அடைத்து வைத்திருந்தேன்.

"அவளுக்கு அப்பன் ஆத்தா இருக்காவளா?"

எனக்கு அது தெரியாது. பத்திரிகையில் இல்லை. "இருக்காவ மதினி. அப்பா பெரிய ராசா."

"அவரு தேட மாட்டாரா?"

"தேடிக்கிட்டேதான் இருக்காரு. கோட்டைக் கதவச் சாத்தவே விடலை. என்னைக்கு வந்தாலும் எம்மவ உள்ள வரணும்னு ராத்திரி பகலா தொறந்தே போட்டிருக்காரு."

"வந்தா ஏசுவாரா?"

"சேச்சே. ஓடி வந்து கட்டிப் புடிச்சுக்குவாரு. கிரீடம் கீழ விழுந்து உருளுதுகூட அவருக்குத் தெரியாது."

மதினி குழவிக்கல்லைக் காலால் தள்ளினாள். தினமும் இப்படி ஒரு கேள்வி. இளவரசி எப்படிப் போவாள்? வழியில் சோற்றுக்கு என்ன செய்வாள்? யாரும் பிடித்துக்கொண்டு வந்து விட்டால்? நான் ஒவ்வொன்றுக்கும் அளந்து விட்டேன். கேட்க ஆள் இருந்தால் எனக்குத் தலைகால் புரியாது. அந்தக் கிரீடம் உருளுகிற இடத்தை அவள் மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னாள். என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேன். கழுதை.

பிறகு ஒருநாள் அவள் காதில் கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சியைச் செருகியிருந்தாள். திருகாணி கழன்றுவிட்டது, டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன் என்று வீட்டில் சொன்னாளாம். என்னிடம் மெதுவாக, "நாளைக்கு நீட்டமா ஒரு கதை சொல்லு, என்னா? எட்டு மணி மட்டுக்கும் வரணும்" என்றாள். காலையில் தாதர் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டி நிற்கும் என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் போச்சு என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் மற்றதை நினைத்தேன். நான் அப்படிப்பட்ட பிறவி.

மறுநாள் ஐந்தரைக்கு மதினி குழவிக்கல்லை வரிசையில் வைத்தாள். குடத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, கொடியில் தொங்கிய தோலுக்குப் பின்னால் நடந்து, பஸ் போகிற ரோட்டுப் பக்கம் போய்விட்டாள். கையில் ஒரு பையும் இல்லை. நான் கதையை ஆரம்பித்தேன்.

இளவரசி குகையிலிருந்து வெளியே வந்தாள். காட்டில் ஒரு நரியைப் பார்த்தாள். நரி தன் சொந்தக் கதையைச் சொன்னது. அந்தக் கதைக்குள் ஒரு கிளி, கிளிக்கு ஒரு கதை. வாய் உலர்ந்தது. கல்லைத் தள்ளுகிற நேரம் வந்தபோதெல்லாம் நானே காலால் தள்ளினேன். ஆறரைக்குக் குழவிக்கல் குழாயடிக்கு வந்துவிட்டது. ஆள் இல்லை. இரண்டு மருமகள்கள் இருக்கிற அந்த அத்தை, கல்லையும் குடத்தையும் தூக்கிக்கொண்டுபோய் வாலில் வைத்தாள். "நீ சொல்லுட்டி, அந்தக் கிளி என்ன சொல்லிச்சு?" என்றாள்.

ஏழு மணிக்குப் பெரியம்மையின் குரல் வந்தது. "ஏட்டி, நிக்கியா? இன்னுமா ஒரு கொடம் புடிக்கலை?"

நான் வாயைத் திறக்கும் முன், வரிசையில் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில், "நிக்கா, நிக்கா! தண்ணி நூலாட்டம் வருது!" என்று கத்தினார்கள். குழாயில் தண்ணீர் குடத்தை உடைக்கிற மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தி அவசரமாகக் குழாயைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தாள்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. முந்தானையை இழுத்துக்கொண்டு போனவளை அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். ஈர்க்குச்சியையும் பார்த்திருக்கிறார்கள். நான் ஒருத்திதான் உலகத்திலேயே பெரிய ரகசியத்தைச் சுமப்பவள்போல நரியையும் கிளியையும் கட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டபோது அத்தை, "ஒனக்கு மட்டுந்தான் கண்ணு இருக்குன்னு நெனச்சியாக்கும்?" என்றாள்.

எட்டு மணிக்குத் தண்ணீர் நின்று, பெண்கள் கலைந்து, தரையில் குழவிக்கல்லும் காலிக் குடமும் மட்டும் கிடந்தபோதுதான் பெரியம்மை சுவரைப் பிடித்துப் பிடித்துக் குழாயடிக்கு வந்தாள். கல்லைப் பார்த்தாள். "இப்பதான் இங்கன நின்னா பெரியம்மை" என்றேன், நல்ல பிள்ளை மாதிரி. அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மதினியைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அவன் வந்து என்னையில்லா கேப்பான்" என்று மட்டும் சொன்னாள். கதைகளில் மாமியார் எதற்கும் பயப்படுவதில்லை. இவள் பெற்ற மகனுக்கே பயந்தாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது, இரக்கம் வந்ததே என்று எரிச்சலும் வந்தது.

குழவிக்கல்லை யாரும் எடுக்கவில்லை. அதன் பிறகு பெரியம்மை தன் வீட்டுக்கு ஒரு டால்டா டின்னை வைக்கச் சொன்னாள். ஆனாலும் தினமும் யாராவது குழவிக்கல்லை வரிசையில் சேர்ப்பார்கள், பின்னால் நிற்கிறவள் தள்ளுவாள், குழாயடிக்கு வந்ததும் வாலுக்குப் போகும். யாரும் சொல்லி வைத்துச் செய்யவில்லை. "ஊர்ல எறங்கியிருப்பா", "இன்னேரம் சோறு தின்னுக்கிட்டிருப்பா" என்று அதைத் தள்ளும்போது ஒருத்தி சொல்வாள். நான் கதையில் இளவரசியைக் கோட்டை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கிரீடம் உருண்டது. குழாயடியே கண்ணைத் துடைத்துக்கொண்டது. அந்த ஒரு தடவை மாமியாரைக் கொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஐந்தாவது வாரம் மதினியின் அப்பா அவளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

மஞ்சள் பை, குடை, வெள்ளை வேட்டி. ராஜா இல்லை, நல்ல மனிதர். பெரியம்மையின் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். மதினி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், அதே இடத்தில். அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்தார். நூல் போட்டுக் கட்டியிருந்தது. "ரெண்டு வருசமா மாசந் தவறாம எழுதியிருக்கா தாயி. இதுல ஒத்தச் சொல்லு கொறையா கெடையாது. பூ வச்சு விடுதாவளாம், தரையில காலு பட விடலியாம். எங்கூரு போஸ்ட்மேன் இத வாசிச்சுக் காட்டுதபோது தெருவே நின்னு கேக்கும். இப்பம் வந்து அடிக்காவ, சோறு போடலைங்கா. எத நம்ப நான்?"

நான் வாசலில் நின்றிருந்தேன். பெரியம்மை என்னைப் பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்த்தான். யாரோ, "இந்தப் பிள்ளைதான் எழுதுச்சு" என்றார்கள். அந்த மனிதர் எழுந்து வந்து என் தலையில் கைவைத்தார். "நீயா தாயி? எழுத்து முத்து முத்தா இருக்கு. நல்லாப் படி" என்றார்.

ஒரு வருஷம் குழாயடியில் நிறுத்தாமல் பேசியவள் நான். நரிக்கும் கிளிக்கும் குரல் கொடுத்தவள். அத்தனையும் நானாகச் சேர்த்த பொய், மதினி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருந்தால் போதும். அண்ணன் கதவில் சாய்ந்து நின்றிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறு என்ன. அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவ்வளவு வயதுக்குப் பிறகும் என் எழுத்தை யாராவது பாராட்டினால் எனக்குத் தலை உச்சியில் அந்தக் கை கனக்கிறது.

மறுநாள் காலை மதினி குழாயடிக்கு வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. வரிசையில் தன் குழவிக்கல்லைப் பார்த்ததும் நின்றாள். "இது இன்னும் இங்கனயா கெடக்கு?" என்றாள். அத்தை தன் காலால் அதை ஒரு சாண் முன்னால் தள்ளினாள். மதினி அதன் பின்னால் வந்து நின்றாள். எனக்குப் பக்கத்தில்.

"மதினி" என்றேன். அழுகை வந்தது.

"அழாத. எங்கப்பாவும் கட்டிப்புடிச்சாவ. மூணு நாளு நல்லாத்தான் இருந்தாவ. பொறவு அந்தக் கடுதாசிக் கட்ட எடுத்துட்டாவ." குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "நல்லாத்தான் எழுதியிருக்க. நானே நம்பிருவேன் போல இருந்திச்சு" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று யாரும் கதை கேட்கவில்லை. நான் வரிசையின் வாலில் போய் நின்றேன். பள்ளிக்கூடக் கேட் சாத்தியிருந்தது.

அடுத்த பத்து நாளும் மதினி பேசாமல் தண்ணீர் பிடித்தாள். பதினோராம் நாள், ஏழு மணி இருக்கும், வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது, வரிசையில் இருபது பேர். மதினி குனிந்து குழவிக்கல்லை எடுத்தாள். குழந்தையைத் தூக்குவதுபோல் இடுப்பில் வைத்தாள். இன்னொரு கையில் குடம். பெரியம்மை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கொடிக்கு இந்தப் பக்கமாக, அவள் கண்ணெதிரிலேயே நடந்தாள்.

"ஏட்டி! கல்ல எங்க கொண்டு போற? ஏட்டி!"

மதினி திரும்பவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்ளவும் இல்லை. நாங்கள் எல்லோரும் குழாயை அப்படியே ஓடவிட்டு அவள் பின்னாலேயே போனோம். தண்ணீர் வீணாவதைப் பற்றி எங்கள் சந்து கவலைப்படாத ஒரே நாள் அதுதான்.

நேராக மூன்றாம் சந்துக் குழாயடிக்குப் போனாள். அங்கே தோல் பை தைக்கிற ஒரு பட்டறை. அதில் வேலை பார்த்த ஒரு விதவை அக்கா தன் கோலியில் ஒரு மூலை தருவதாகச் சொல்லியிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. மூன்றாம் சந்துப் பெண்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. "யாருடி இது புதுக் கல்லு? இங்க நம்பர் கெடையாது, போ போ!" என்று ஒருத்தி பாய்ந்தாள். எங்கள் அத்தை இடுப்பில் கைவைத்து முன்னால் வந்து, "ஏன், வாலுக்குமா நம்பர் கெடையாது? கடைசில வைக்கா. இப்பம் என்ன சொல்லுதிய?" என்றாள். கடைசியில் வைப்பதை யாராலும் மறுக்க முடியாது. அதுவும் சட்டம். மதினி குழவிக்கல்லை வரிசையின் வாலில் வைத்துவிட்டு அதன் பின்னால் நின்றாள்.

அண்ணன் இரண்டு முறை குடித்துவிட்டு மூன்றாம் சந்துக்குப் போய்க் கத்தினான். அங்கே குடத்தாலேயே அடித்து அனுப்பினார்கள். அத்தோடு நின்றது. ராஜகுமாரன் யாரும் வரவில்லை, மாமியார் சாகவில்லை. எங்கள் குழாயடியில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. மாமியார் உயிரோடு இருக்கும்போது இதை எப்படிக் கதை என்று ஒத்துக்கொள்வது என்று ஒரு கட்சி. "போங்கட்டி கூறுகெட்டவளுகளா, கல்லு எடம் மாறிட்டுல்லா, அதுக்கு மேல என்ன வேணும்?" என்று அத்தை அதை முடித்துவைத்தாள். நானும் அதே கட்சிதான், இன்றுவரை.

இரண்டு மாதம் கழித்து மதினி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் கறுத்திருந்தது. ஒரு இன்லண்ட் லெட்டரை நீட்டினாள். "அப்பாவுக்கு எழுதணும். நான் சொல்லுததை மட்டும் எழுது. ஒன் சோலியக் காட்டுன, கையை முறிச்சுருவேன்" என்றாள்.

எழுதினேன். "அப்பாவுக்கு. நான் இப்போது அந்த வீட்டில் இல்லை. தோல் பை தைக்கிறேன். ஒரு அக்காவோடு இருக்கிறேன். முன்னால் வந்த கடிதம் எதுவும் நான் சொல்லி எழுதியது இல்லை." அந்த வரியை எழுதும்போது என் கை நின்றது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுதி முடித்தேன்.

காகிதத்தில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. அத்தனை வெள்ளையை எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"சுகம்னு ஒரு வார்த்தை போடட்டுமா மதினி?"

அவள் யோசித்தாள். வெளியே மூன்றாம் சந்துக் குழாயில் யாரோ குடத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"அது வேண்டாம்" என்றாள். "தண்ணி வருதுன்னு போடு."